“விழப்போற பல்லுதானே, புடுங்கிடுங்க டாக்டர்!” - குழந்தைகள் பல் பிரிவில் ஒரு காலைப்பொழுது

காலை 8 மணி. சென்னையில் இருக்கும் ஒரு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசை வாசலைத் தாண்டி நீள்கிறது. அந்த வரிசையில், இடுப்பில் ஒன்றரை வயதுப் பையனும் கையில் ஆறு வயது மகளுமாக நிற்கிறார் ஓர் அம்மா. பையன் வாயில் பால் பாட்டில். மகள் இடது கன்னத்தில் கைவைத்தபடி தூக்கக் கலக்கத்தில் சாய்ந்து நிற்கிறாள். ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

“மூணு நாளா ராத்திரி தூங்கலைங்க. பாட்டி கிராம்பு வெச்சுப் பார்த்தாங்க. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். கொஞ்ச நேரம் அடங்குது, மறுபடி அழ ஆரம்பிச்சிடுறா. நேத்து முழுக்கச் சோறே எடுக்கலை. வெறும் மோர்தான்” என்று முன்னால் நிற்பவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார் அம்மா. ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் தையல் வேலை. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சு.

முதலில் பொதுப் பரிசோதனைப் பிரிவு. அங்கே பார்த்துவிட்டு, சீட்டில் ஒரு எண்ணை எழுதி மாடிக்கு அனுப்புகிறார்கள். மாடியில், சுவரெல்லாம் முயலும் டால்பினும் வரைந்த ஒரு பெரிய ஹால். வரிசையாகப் பல் சிகிச்சை நாற்காலிகள். குழந்தைகள் பல் மருத்துவப் பிரிவு.

நாற்காலியில் மகளை உட்கார வைத்ததுமே அம்மா சொல்லிவிடுகிறார். “சொத்தைப் பல்லு டாக்டர். இன்னைக்கே புடுங்கி விட்டுடுங்க. எப்படியும் விழப்போற பல்லுதானே!”

எதிரே நிற்பவர் இன்னும் டாக்டர் ஆகவில்லை. பி.டி.எஸ் இறுதியாண்டு மாணவி. குழந்தைகள் பிரிவுக்கு வந்து இரண்டாவது வாரம். போன வாரம் ஒரு வாண்டு கடித்த தடம் விரலில் இன்னும் மறையவில்லை. அவர் கண்ணாடியை எடுத்துச் சிறுமியின் வாய்க்குள் மெதுவாகப் பார்க்கிறார். கீழ்வரிசையில், இடது பக்கக் கடைசிப் பால் பல்லில் பெரிய குழி. அதற்குக் கீழே ஈறில் மிளகு அளவில் ஒரு கொப்புளம். பல்லின் வேர்வரை சீழ் வைத்திருக்கிறது என்பதற்கான அடையாளம்.

மாணவி உடனே எதுவும் சொல்லவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, பேராசிரியரைத் தேடிப் போகிறார். இந்த மருத்துவமனையில் அதுதான் சட்டம். மாணவர் பார்க்கலாம், எழுதலாம், யோசனை சொல்லலாம். முடிவு எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் பேராசிரியர்.

பத்து வயதுவரை வேலை இருக்கிற பல்

பால் பற்கள் மொத்தம் 20. ஏறக்குறைய ஆறாவது மாதத்தில் முளைக்க ஆரம்பித்து, மூன்று வயதுக்குள் முழுமையாக வந்துவிடும். ஆறு, ஏழு வயதில் முன்பற்கள் ஆடி விழும்போது வீட்டில் ஒரே கொண்டாட்டம்தான். விழுந்த பல்லைக் கூரைமேல் வீசுவது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. அதனாலேயே, பால் பல் என்றால் ஆறேழு வயதில் எல்லாமே விழுந்துவிடும் என்ற எண்ணம் பெற்றோர்களிடம் இருக்கிறது.

ஆனால், பின்னால் இருக்கும் பால் கடைவாய்ப் பற்கள் அவ்வளவு சீக்கிரம் விழுவதில்லை. அவை விழ 10 முதல் 12 வயது ஆகும். ஆறு வயதுச் சிறுமிக்கு அந்தப் பல்லால் இன்னும் நான்கைந்து வருடங்கள் மெல்ல வேண்டிய வேலை இருக்கிறது.

மெல்லுவது மட்டுமல்ல, ஒவ்வொரு பால் பல்லும் தனக்குக் கீழே வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லுக்காக ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பேருந்தில் துண்டு போட்டு சீட் பிடிப்பதுபோலத்தான். துண்டை எடுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

இந்தச் சிறுமியின் வாயில் அப்படி நகரக் காத்திருப்பது எது என்பதை எக்ஸ்-ரே காட்டுகிறது. சொத்தைப் பல்லுக்குப் பின்னால், ஈறைக் கிழித்துக்கொண்டு ஒரு புதிய பல் எட்டிப் பார்க்கிறது. அம்மா அதையும் பால் பல் என்றே நினைத்திருந்தார். அது நிரந்தரப் பல். ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே வரிசையின் கடைசியில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல். சத்தமில்லாமல் வருவதால் பெரும்பாலான பெற்றோர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. வாழ்நாள் முழுக்க மெல்ல வேண்டிய முக்கியமான பல் அது.

முன்னால் இருக்கும் பால் பல்லைப் பிடுங்கிவிட்டு அப்படியே விட்டால், இந்தப் புதிய பல் முன்னால் சாய்ந்து வந்துவிடும். 11 வயதில் அந்த இடத்தில் முளைக்க வேண்டிய நிரந்தரப் பல்லுக்கு இடம் இருக்காது. அது வெளியே வர முடியாமல் ஈறுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளலாம், அல்லது வரிசை தவறி முளைக்கலாம். பிறகு கம்பி கட்டி வரிசைப்படுத்த வேண்டிவரும். அதற்கு ஆகும் செலவும் காலமும் மிக அதிகம்.

எக்ஸ்-ரே பார்த்த பேராசிரியர் அம்மாவுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காருகிறார். “வேர் இன்னும் நல்லா இருக்கும்மா. காப்பாத்திடலாம். பல்லுக்குள்ள இருக்கிற அழுகலைச் சுத்தம் பண்ணி, மருந்து அடைச்சு, மேல தொப்பி மாட்டிடலாம். ஆனா, ரெண்டு மூணு தடவை நீங்க வரணும்.”

அம்மா மௌனமாகிறார். “மூணு தடவையா? மூணு நாள் சம்பளம் போயிடுமே சார்...”

பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு மனதில் இருந்த இன்னொன்றையும் கேட்டுவிடுகிறார். “இங்க படிக்கிற பசங்கதான் செய்வாங்கன்னு சொன்னாங்க. எம்புள்ளைய வெச்சா கத்துக்குவாங்க?”

கற்றுக்கொள்ளும் கைகள்

கல்லூரி மருத்துவமனைக்கு வரும் பல பெற்றோர்களின் மனதில் இருக்கும் கேள்விதான் இது. அதில் நியாயமும் இருக்கிறது.

பி.டி.எஸ் என்பது நான்கு ஆண்டுப் படிப்பு. அதன் பிறகு ஓராண்டு கட்டாயப் பயிற்சி. முதல் இரண்டு ஆண்டுகள் மாணவர்கள் நோயாளியின் வாயைத் தொடுவதில்லை. பிளாஸ்டிக் பற்கள் பொருத்திய பொம்மைத் தலைகளிலும், பிடுங்கி எடுக்கப்பட்ட பற்களிலும்தான் குடைந்து, அடைத்துப் பழகுகிறார்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து நோயாளிகளைப் பார்க்கத் தொடங்குகிறார்கள்.

யார் எதைச் செய்யலாம் என்பதிலும் பொதுவாக ஓர் ஒழுங்கு கடைப்பிடிக்கப்படுகிறது. பரிசோதனை, பல் சுத்தம் செய்வது, ஃப்ளோரைடு பூசுவது, சின்னச் சின்ன ஃபில்லிங், ஆடும் பல்லை எடுப்பது ஆகியவை இளநிலை மாணவர்களின் கைக்கு வரும். பல்லின் நரம்புவரை போகும் சிகிச்சை, பல் தொப்பி போன்றவற்றைப் பெரும்பாலும் எம்.டி.எஸ் படிக்கும் முதுநிலை மருத்துவர்கள் செய்வார்கள். அவர்கள் ஏற்கெனவே பி.டி.எஸ் முடித்துப் பதிவு பெற்ற பல் மருத்துவர்கள். குழந்தைகள் பல் மருத்துவத்துக்கென்றே மேலும் மூன்று ஆண்டுகள் படிப்பவர்கள். இருவருக்கும் பின்னால் பேராசிரியர் நிற்பார். ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்த பிறகே அடுத்த கட்டத்துக்கு அனுமதி.

இதில் கஷ்டமும் இருக்கிறது. தனியார் கிளினிக்கில் அரை மணி நேரத்தில் முடியும் வேலை இங்கே ஒன்றரை மணி நேரம் இழுக்கலாம். பேராசிரியர் வந்து பார்க்கும்வரை குழந்தை வாயைத் திறந்தபடி காத்திருக்க வேண்டும். ஒரு முறை வந்தால் ஒரு காலைப்பொழுது போய்விடும்.

நன்மையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அவசரம் இல்லை. ஒரு குழந்தை பயந்து அழுதால், அதைச் சமாதானப்படுத்தக் கால் மணி நேரம் செலவழிக்க ஆள் இருக்கிறது. ஒரு வாயை இரண்டு மூன்று பேர் பார்ப்பதால், வலிக்கும் பல்லோடு வலிக்காத பல்லில் தொடங்கியிருக்கும் சொத்தையும் கண்ணில் பட்டுவிடுகிறது. அரசுக் கல்லூரிகளில் சிகிச்சை இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ கிடைக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளியே ஆகும் செலவைவிடக் கட்டணம் பொதுவாகக் குறைவு.

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1920-ல் கொல்கத்தாவில் தொடங்கியது. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியின் கதை 1953-ல், சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக ஆரம்பித்தது. இன்று சென்னையைத் தவிர கடலூர் மாவட்டம் சிதம்பரத்திலும், 2023 முதல் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன.

பேராசிரியர் அந்த அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கவில்லை. “உங்க பொண்ணுக்கு வேலை செய்யப்போறவங்க ஏற்கெனவே டாக்டர்தான். நானும் பக்கத்துலயே நிப்பேன். மூணு தடவையை ரெண்டு தடவையா சுருக்கிடுறேன். அடுத்த வாரம் வந்தீங்கன்னா, மருந்து அடைக்கிறதையும் தொப்பி மாட்டுறதையும் ஒண்ணா முடிச்சுடலாம்” என்கிறார்.

அம்மா மகளைப் பார்க்கிறார். “சரிங்க சார். வலி நின்னா போதும்.”

‘ஊசி’ என்ற சொல்லுக்குத் தடை

அடுத்து வருவதுதான் இந்தப் பிரிவின் கடினமான பாடம். அது பல்லைப் பற்றியது அல்ல, பயத்தைப் பற்றியது.

“அழாம உட்காரு. அழுதா ஊசி போட்டுடுவாங்க” என்கிறார் அம்மா, நல்லெண்ணத்தில்தான். சிறுமியின் கண்கள் விரிகின்றன. மாணவி மெல்லக் குறுக்கிடுகிறார். “அம்மா, நீங்க பாப்பா கையை மட்டும் பிடிச்சுக்கங்க. பேசுறதை நான் பேசிக்கிறேன்.”

உலகம் முழுக்கக் குழந்தைகள் பல் மருத்துவத்தில் சொல்லித்தரப்படும் ஓர் எளிய முறை இருக்கிறது. முதலில் சொல், பிறகு காட்டு, பிறகு செய். 1959-ல் இதை முறையாக எழுதிவைத்தவர் அடெல்ஸ்டன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர். புரிகிற சொற்களில் முதலில் சொல்ல வேண்டும். பிறகு அந்தக் கருவியைக் குழந்தையின் கையிலோ நகத்திலோ வைத்துக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் வாய்க்குள் கொண்டுபோக வேண்டும். சொன்னதற்கு மாறாக எதையும் செய்யக் கூடாது.

“இது தண்ணி குடிக்கிற யானை” என்று எச்சில் உறிஞ்சும் குழாயைச் சிறுமியின் உள்ளங்கையில் வைக்கிறார் மாணவி. கை கூசியதும் அவளுக்குச் சிரிப்பு வருகிறது. “இது ஷவர்” என்று பல்லைக் குடையும் கருவியிலிருந்து வரும் தண்ணீரைக் காட்டுகிறார். மரத்துப்போக வைக்கும் மருந்துக்கு இங்கே பெயர், ‘பல்லைத் தூங்க வைக்கிற மருந்து.’

“வலிக்குமா அக்கா?”

“கொஞ்சம் கிள்ளுற மாதிரி இருக்கும். பத்து எண்ணுறதுக்குள்ள போயிடும். உனக்கு நிறுத்தணும்னா இடது கையைத் தூக்கு. நாங்க நிறுத்திடுவோம்.”

‘வலிக்கவே வலிக்காது’ என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், அந்தப் பொய் ஒரு முறை உடைந்துவிட்டால் குழந்தை அடுத்த முறை வாயைத் திறக்காது. கையைத் தூக்கினால் நிறுத்துவோம் என்று சொன்னால் நிறுத்தியே ஆக வேண்டும்.

நாற்காலி இப்போது முதுநிலை மருத்துவரின் பொறுப்புக்கு மாறுகிறது. முதலில் ஈறில் மரத்துப்போகும் ஜெல். பிறகு ஊசி, குழந்தையின் கண்ணுக்குத் தெரியாமல் தாடைக்குக் கீழாக வருகிறது. மாணவி எண்ணுகிறார். நான்கு வரும்போது சிறுமி கையைத் தூக்குகிறாள். எல்லோரும் அப்படியே நிற்கிறார்கள். அவள் மாணவியைப் பார்க்கிறாள், அம்மாவைப் பார்க்கிறாள். தன் கைக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கிறது என்று புரிந்ததும் தானாகவே இறக்கிக்கொள்கிறாள். ஐந்து, ஆறு, ஏழு...

எல்லாக் குழந்தைகளும் இப்படி ஒத்துழைப்பதில்லை. ஒத்துழைப்பை நான்கு படிகளாகக் குறிக்கும் ஃப்ராங்கல் அளவுகோல் 1962 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. கத்திக் குழறி எதையும் ஏற்காத குழந்தை முதல் படி, சிரித்துப் பேசி ரசிக்கும் குழந்தை நான்காவது படி. ஒவ்வொரு வருகையிலும் மாணவர்கள் இதைக் குறித்துவைக்கிறார்கள். மிகச் சிறு வயதில் வாய் முழுக்கச் சொத்தையோடு வரும் குழந்தைகளுக்கும், சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளுக்கும் சில நேரங்களில் முழு மயக்கம் கொடுத்து, ஒரே அமர்வில் எல்லாப் பற்களுக்கும் சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும். அதற்கு மயக்க மருத்துவரும் அறுவை அரங்கும் வேண்டும்.

சிறுமியின் பல்லைத் திறந்து, உள்ளே அழுகியிருந்த நரம்புத் திசுவை அகற்றி, மெல்லிய கருவிகளால் வேர்க்குழாயைச் சுத்தம் செய்து, தற்காலிக அடைப்பு வைக்கிறார்கள். பெரியவர்களுக்குச் செய்யும் ரூட் கேனால் சிகிச்சையின் தம்பி என்று இதைச் சொல்லலாம். ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. பெரியவர்களின் பல்லில் அடைப்பது கரையாத பொருள். பால் பல்லில் அப்படி வைக்க முடியாது. நிரந்தரப் பல் மேலே வரும்போது பால் பல்லின் வேர் கரைய வேண்டும். அதோடு சேர்ந்து கரையும் பசை மருந்தைத்தான் அடைக்கிறார்கள்.

கிளம்பும்போது மாணவி இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்கிறார். “உதடு மரத்துப்போயிருக்கும். ரெண்டு மூணு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கொடுக்காதீங்க. தெரியாம உதட்டைக் கடிச்சுப் புண்ணாக்கிக்குவா. அப்புறம், இன்னைக்கு ராத்திரி வலி நின்னுடும். வலி நின்னுடுச்சேன்னு வராம இருந்துடாதீங்கம்மா.”

வலி நின்ற பிறகு

அந்த இரண்டாவது வாக்கியத்துக்குக் காரணம் இருக்கிறது. கல்லூரி மருத்துவமனைகளின் பெரிய தலைவலி, பாதியில் நின்றுபோகும் சிகிச்சைகள். முதல் நாள் வலி போய்விடும். அடுத்த நாள் வேலை, பள்ளி, பஸ், வீட்டு விசேஷம். தற்காலிக அடைப்பு நாளடைவில் தேய்ந்து விழும். சில மாதங்களில் அதே பல் மறுபடி சீழ் பிடிக்கும். அப்போது வந்தால் பிடுங்குவதைத் தவிர வழி இருக்காது.

பெற்றோரைக் குறை சொல்லித் தீரும் விஷயமல்ல இது. நாள் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு ஒவ்வொரு வருகைக்கும் விலை உண்டு. அதனால், வருகைகளைக் குறைக்கும் சிகிச்சை முறைகளும் வந்திருக்கின்றன. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நோர்னா ஹால் என்ற பல் மருத்துவரின் பெயரால் அழைக்கப்படும் ‘ஹால்’ முறையில், நரம்பை எட்டாத சொத்தையைக் குடையாமல், ஊசி போடாமல், உலோகத் தொப்பியை மட்டும் மாட்டி மூடிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் கிருமிகளுக்கு உணவு கிடைக்காமல் சொத்தை நின்றுவிடுகிறது.

இன்னொன்று, ‘சில்வர் டையமைன் ஃப்ளோரைடு’ என்ற திரவம். சொத்தையின் மேல் ஒரு சொட்டுத் தடவினால் போதும். அது பரவுவதைத் தடுக்கும். சொத்தை இருந்த இடம் கறுப்பாக மாறிவிடும் என்பதுதான் குறை. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தன் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. ஆனால், சீழ் வைத்துவிட்ட பல்லுக்கு இந்த இரண்டு முறைகளும் உதவாது. சீக்கிரம் வருபவர்களுக்குத்தான் சுலபமான சிகிச்சை.

பிரச்னை ஒரு குடும்பத்துடையது மட்டுமல்ல. உலகம் முழுவதும் 51 கோடிக்கும் அதிகமான குழந்தைகளுக்குப் பால் பற்களில் சொத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை சொல்கிறது. இந்தியாவில் 2013-ல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும் மருத்துவக் குழு பற்களையும் பரிசோதிக்கிறது. அவர்கள் எழுதிக்கொடுக்கும் சீட்டைப் பத்திரப்படுத்தி, அடுத்த கட்டத்துக்கு அழைத்துப்போவது பெற்றோர் கையில்.

பெற்றோர் கவனத்துக்கு...

* முதல் பல் முளைத்ததுமே சுத்தம் செய்யத் தொடங்குங்கள். முதல் பிறந்தநாளுக்குள் ஒரு முறை பல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. வலி இல்லாத நாளில் போனால் பயமும் வராது.

* மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, மூன்று முதல் ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் போதும். விளம்பரத்தில் வருவதுபோல் பிரஷ் நிறைய வைக்க வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி போன்று நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள பகுதிகளில் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

* காலையைவிட இரவில் பல் துலக்குவது முக்கியம். தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடும். பல்லுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்காது. ஏழெட்டு வயதுவரை பெரியவர்கள்தான் துலக்கிவிட வேண்டும்.

* எவ்வளவு இனிப்பு என்பதைவிட, எத்தனை தடவை என்பதுதான் முக்கியம். ஒரே லட்டைச் சாப்பாட்டோடு சாப்பிடுவதைவிட, பிஸ்கட்டை நாள் முழுக்கக் கொறிப்பது பல்லுக்குக் கெடுதல். பல்லில் ‘பூச்சி’ என்று எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று வெளிவிடும் அமிலம்தான் பல்லை அரிக்கிறது.

* கீழே விழுந்து நிரந்தரப் பல் முழுதாக வெளியே வந்துவிட்டால், வேரைத் தொடாமல் பல்லின் மேல் பகுதியைப் பிடித்து எடுங்கள். தேய்த்துக் கழுவ வேண்டாம். பாலில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் செல்லுங்கள். திரும்பப் பொருத்த வாய்ப்பு உண்டு. பால் பல்லை அப்படிப் பொருத்தக் கூடாது.

அடுத்த வாரம்

சொன்ன நாளில் காலை 9 மணி ஆகியும் அவர்கள் வரவில்லை. மாணவி இரண்டு முறை வெளியே வந்து வரிசையைப் பார்த்துவிட்டுப் போகிறார். 9.30-க்கு அதே அம்மா, இடுப்பில் அதே பையன், கையில் சிறுமி. “சூப்பர்வைசர்கிட்ட அரை நாள் பர்மிஷன் கேட்டு, கெஞ்சிட்டு வர்றேன் டாக்டர். நல்லா சாப்பிடுறா, தூங்குறா. வரலாமா வேணாமான்னுதான் யோசிச்சேன். நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு” என்கிறார், மூச்சு வாங்க.

ஈறில் இருந்த கொப்புளம் வற்றியிருக்கிறது. வேர்க்குழாயில் மருந்தை அடைத்து, எக்ஸ்-ரே எடுத்துச் சரிபார்க்கிறார்கள். பிறகு அளவு பார்த்து ஒரு ஸ்டீல் தொப்பி. சிகிச்சையில் வலுவிழந்த பல் உடையாமல் காக்க இதுதான் நம்பகமான வழி. பால் பல் விழும்போது இந்தத் தொப்பியும் சேர்ந்தே விழுந்துவிடும். சிறுமியிடம் கண்ணாடியைக் கொடுக்கிறார்கள். “ஐ, வெள்ளிப் பல்லு!” வகுப்பில் யார் யாரிடம் காட்டுவது என்று அங்கேயே பட்டியல் போடத் தொடங்கிவிடுகிறாள். மற்ற பற்களுக்கு ஃப்ளோரைடு வார்னிஷ் பூசுவது மாணவியின் வேலை. புதிதாக முளைக்கும் நிரந்தரப் பல் முழுமையாக வெளியே வந்ததும், அதன் பள்ளங்களைச் சொத்தை வராமல் மூட ஒரு பூச்சு இருக்கிறது. அதற்கு மூன்று மாதம் கழித்து வரச் சொல்லிச் சீட்டு எழுதுகிறார்.

குறிப்பேட்டில் கையெழுத்துப் போட வந்த பேராசிரியரின் பார்வை, அம்மாவின் இடுப்பில் இருக்கும் பையன்மீது விழுகிறது. வாயில் பாட்டில்.

“இவனையும் ஒரு தடவை பார்த்துடலாமே. பாட்டிலோடதான் தூங்குவானாம்மா?”

“ஆமா சார். சர்க்கரை போட்ட பால்தான். ராத்திரி ரெண்டு தடவை எழுந்து கேப்பான். அக்காவும் மூணு வயசு வரைக்கும் அப்படித்தான்...” சொல்லும்போதே அம்மாவின் குரல் தேய்கிறது.

நாற்காலி வேண்டாம். அம்மாவின் மடியில் கால்களும் பேராசிரியரின் மடியில் தலையுமாகப் பையனைச் சாய்க்கிறார்கள். மேல் உதட்டை விரலால் தூக்குகிறார். நான்கு முன்பற்கள். ஈறை ஒட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டதுபோல வெள்ளை வரி. மாணவியைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். புத்தகத்தில் படித்ததை அவர் முதல்முறையாக நேரில் பார்க்கிறார். பாட்டில் பால் மேல் முன்பற்களைச் சுற்றித்தான் தேங்கும். கீழ் முன்பற்களை நாக்கும் எச்சிலும் காப்பாற்றிவிடும். அந்த வெள்ளை வரிதான் சொத்தையின் முதல் கட்டம். இன்னும் குழி விழவில்லை.

“இவனுக்கும் சொத்தையா சார்?” அம்மாவின் கண்கள் கலங்குகின்றன.

“இன்னும் இல்லம்மா. இந்தக் கட்டத்துல திருப்பிடலாம். இன்னைக்கே வார்னிஷ் பூசிடுவோம். ராத்திரி பாட்டிலை நிறுத்தணும். முதல்ல சர்க்கரையை விடுங்க, அப்புறம் பாலைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுத் தண்ணி மட்டும் கொடுங்க. ரெண்டு வாரம் அழுவான். நீங்க தாங்கிக்கணும்.”

அம்மா தலையாட்டுகிறார். பையன் வாயிலிருந்து பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைக்கிறார். அவன் உடனே உதட்டைப் பிதுக்குகிறான். “அழாதடா, அக்கா வெள்ளிப் பல்லைப் பாரு!” என்று வாயைப் பெரிதாகத் திறந்துகாட்டுகிறாள் சிறுமி.

மாணவி புதிய சீட்டு ஒன்றை எடுக்கிறார். வயது ஒன்றரை. மூன்று மாதம் கழித்து, அக்காவுக்குக் கொடுத்த அதே தேதி. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நாள் லீவு.